கண்டி வழி: களிமண் முத்திரையிலிருந்து சாரதிப் பத்திரம் வரை

தாய்நாட்டை விட்டு வேற்று நாட்டிற் குடியேறுகிறவர் தம்முடன் கொண்டுசெல்லக்கூடியவை பல. கொண்டுசெல்ல இயலாதவை சில. மோட்டார் வண்டியை ஓட்டும் திறமை முதலாவது வகையைச் சேர்ந்தது. கையும் காலும் கண்ணும் எங்கும் கூடவே வரும். ஆயின் அத்திறமைக்குச் சான்றாகச் சட்டைப் பையிலே கிடக்கும் பத்திரமோ, எல்லையைக் கடந்த சில காலத்துக்குள் வெறுங் கடதாசியாகி விடுகின்றது. இருபது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவரும் புதிய நாட்டில் மீண்டும் மாணாக்கராய்ப் பரிசோதகர் முன் நிற்க நேர்கின்றது. இது மோட்டார் யுகத்தில் தோன்றிய புதுத் தொல்லை என்று எண்ணுவோர் கண்டியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நன்று. அந்நியன் ஒருவன் இந்நாட்டு வழியிலே செல்வதற்கு இந்நாட்டு அடையாளமொன்று வேண்டும் என்னும் விதி, அம்மலைநகரில் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது.

அதற்குச் சான்று கூறுபவன் ரொபேர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன். 1660ஆம் ஆண்டு திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கரையிறங்கியபோது, தந்தையோடும் வேறு மாலுமிகளோடும் அவன் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் பிடிபட்டான். அதன் பின்னர் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிலே வாழ்ந்தான். அவனைச் சிறைக்கூடத்தில் எவரும் அடைக்கவில்லை. வீடு கட்டினான், தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். செய்ய முடியாதது ஒன்றே: நாட்டை விட்டு வெளியேற முடியாது. நாடு முழுவதுமே அவனுக்குச் சிறையாயிருந்தது. அச்சிறைக்கு மதில் இல்லை. காடும், கணவாயும், கணவாயிலே நின்ற முள்வேலிக் கதவுகளுமே மதிலாக அமைந்தன.

அம்முட்கதவுகளைப் பற்றி நொக்ஸ் தன் நூலிலே எழுதியிருப்பது மிகவும் சுவையானது. அவ்விடங்களிற் காவலர் இரவு பகலாக நிற்பர். கடந்து செல்ல விரும்புவோன் அரசவையிற் பெற்ற அனுமதியைக் காட்டல் வேண்டும். அவ்வனுமதி ஓலையன்று, கடதாசியுமன்று. களிமண்ணிற் பதித்த முத்திரை. அம்முத்திரைகள் எல்லார்க்கும் ஒன்றாய் இருந்தில. போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி தாங்கிய மனித உருவம். கூலியாளுக்குக் காவடித் தண்டின் இரு முனையிலும் மூட்டை தொங்கச் சுமந்து செல்லும் உருவம். வெள்ளைக்காரனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியும் கொண்ட உருவம். கூட்டமாகச் சென்றால் எத்தனை பேரோ அத்தனை உருவம் அக்களிமண்ணிற் பதிந்திருத்தல் வேண்டும். எழுத்தறியாத காவலனும் ஒரு நோக்கிலே எண்ணிச் சரிபார்த்து விடலாம். இக்காலத்துப் பத்திரங்களிலே லொறியும் மோட்டார்ச் சைக்கிளும் சிறு சிறு படங்களாகப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்போர்க்கு அக்களிமண் உருவங்கள் அத்துணை அந்நியமாகத் தோன்றா.

எனினும் ஒரு வேற்றுமையைக் கவனித்தல் வேண்டும். களிமண் முத்திரை, இவன் யாது செய்ய வல்லவன் என்று கூறவில்லை. இவன் யார், எத்தொழிலுக்கு உரியவன் என்றே கூறிற்று. 1679இல் நொக்ஸ் தப்பியோடிய வகையும் அதனையே காட்டுகின்றது. முத்திரை பெற்று அவன் செல்லவில்லை. ஊரூராகச் சரக்கு விற்கும் வியாபாரியின் கோலத்தைப் பூண்டான். ஆண்டுக்கணக்காக அவ்வேடத்தில் நடந்து நடந்து, வடக்கு வழியிலுள்ளோர் கண்ணுக்குப் பழகிய முகமானான். கடைசியில் அநுராதபுரத்துக் காடுகளினூடே சென்று, மன்னார்க் கரையிலுள்ள அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான்.

கண்டி வாயிலை இவ்வாறு காத்துநின்ற காவல் நிலையத்தைச் சிங்களத்தில் 'கடவத்' என்பர். ஆங்கிலேயர் அதனைத் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர். இன்றுங் கண்டி நகரத்தை உள்ளடக்கிய பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் நான்கு கடவத்துகளும் இடம்பெற்றிருக்கின்றன. முள்வேலி மறைந்தது, பெயர் அலுவலகப் பலகையிலே நிலைத்தது.

1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் தேதி கண்டி அரண்மனையின் சபா மண்டபத்திலே ஆங்கிலேயருக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் உடன்படிக்கையொன்று நிறைவேறிற்று. மதுரை நாயக்கர் உறவால் 1739இல் அரியணை ஏறிய மரபின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் சில நாட்களுக்கு முன்னரே பிடிபட்டிருந்தான். பின்னர் அவன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே மாண்டதைத் தமிழ் மக்கள் நன்கறிவர். அவ்வளவாக அறியப்படாதது அவ்வுடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு. வீழ்ந்த மன்னனின் உறவினராயுள்ள ஆண்மக்கள் ஆங்கில அரசாங்கத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுள் எக்காரணங் கொண்டும் நுழையலாகாது. நுழைவோர் இராணுவச் சட்டப்படி தண்டிக்கப்படுவர் என்று அது விதித்தது. அதனோடு நில்லாது, அப்போது வெளியேற்றப்பட்டிருந்த 'மலபார்' சாதி ஆண்கள் அனைவரும் அனுமதியின்றித் திரும்பி வரலாகாது என்றும் கூறிற்று. அந்நாளைய ஆங்கிலேயர் தமிழரை 'மலபார்' என்னும் பெயராலேயே குறித்தனர். கண்டிக்குள் வரத் தமிழன் கையிலே சீட்டு வேண்டும் என்று ஆங்கில ஆட்சி இயற்றிய முதல் விதி இதுவே எனலாம்.

விதி இயற்றியோரே அடுத்த தலைமுறைக்குள் அதனை மறந்தனர். மறக்கச் செய்தது கோப்பி.

அதற்கு முன் சாலை வந்தது. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் கொழும்பையும் கண்டியையும் இணைத்து, வண்டி செல்லத்தக்க பெருவழியொன்றை அமைப்பித்தார். அதுவரை மலைநாட்டின் அரணே வழியின்மைதான். படைகள் பல அக்காடுகளில் அழிந்த கதையைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அறிவர். பாண்ஸ் வாளால் வென்ற நாட்டைச் சாலையால் கட்டினார் என்பது மிகையன்று. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து சென்ற அவ்வழியின் மேலே, அதனை அமைத்த பொறியியலாளர் டோசன் என்பாரின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கின்றது. அவ்வாண்டிலேயே கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே அஞ்சற் குதிரை வண்டியும் ஓடத் தொடங்கிற்று. கோபுரம் பொறியியலாளருக்கு, கல்லுடைத்தவர்க்கோ கோபுரமில்லை. அவ்வேலையிற் பெரும்பகுதியைச் செய்தோர் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு அழைக்கப்பட்ட சிங்களக் குடியானவர்கள் ஆவர்.

சாலை முடிந்ததும் கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே கோப்பித் தோட்டங்கள் பெருகின. பாண்ஸ் தாமே பேராதனைக்கு அண்மையில் கன்னொறுவையிற் பயிரிட்டார். 1840களில் அது ஒருவகை வெறியாகவே மாறிற்று. உள்ளூர்க் குடியானவர் தம் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பாமையால், எந்தத் தமிழரை எழுத்து மூலமான அனுமதியின்றி வரலாகாதென்று விலக்கினரோ அதே தமிழரைத் தேடிக் கங்காணிமார் தஞ்சைக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் சேலத்துக்கும் சென்றனர். ஆடவரும், பின்னர்ப் பெண்டிரும் சிறுவரும் மன்னார்க் கரையில் இறங்கி, மெதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை நோக்கிக் கால்நடையாக வந்தனர். நொக்ஸ் தப்பி ஓடிய திசையை எதிர்நோக்கி அவர்கள் நடந்தனர் என்னலாம். அவனை மறித்த காடே இவர்களையும் மறித்தது. காவலனின் ஈட்டிக்குப் பதிலாக வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் வழியிலே காத்திருந்தன. வந்து சேராதார் தொகை மிகப் பெரிது. மாத்தளை முத்துமாரியம்மனை வணங்கிய பின்னரே தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர் என்னும் மரபு இன்றும் மலையகத்தில் வழங்கி வருகின்றது. உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி கூற ஓரிடம் வேண்டியிருந்தது.

இவர்களுக்கும் அடையாளச் சீட்டு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகர வில்லை முறை ஏற்பட்டது. தோட்டத்துக்கும் அதிலுள்ள ஆளுக்கும் உரிய எண்கள் துளைக்கப்பட்ட சிறு தகரத் தகடு அது. கயிற்றிற் கோத்துக் கழுத்திலே அணிந்துகொள்வர். அவ்வில்லையைக் காட்டினால் கப்பலிலும் இரயிலிலும் காசின்றி ஏறலாம். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். வழிநடைத் துன்பம் இதனால் குறைந்தது உண்மையே. ஆயின் அந்த வில்லையிலே பெயரில்லை. களிமண்ணில் மனித உருவமாவது இருந்தது; தகரத்தில் எண் மட்டுமே இருந்தது. மண்டபம் முகாமிலே சில நாட்கள் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, தலைமன்னாரில் இறங்கி, 1914இல் திறந்த இரயில் வழியாக மலைநாட்டை அடைந்த ஆயிரமாயிரம் பேர் அவ்வெண்ணைக் கழுத்திலே சுமந்து வந்தனர்.

வந்தபின் வேறொரு கடதாசி அவர்தம் வாழ்வை ஆண்டது. அதனைத் 'துண்டு' என்றனர். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற விரும்பும் தொழிலாளியின் கடன் இவ்வளவு. அதனைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவான் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்திற் சேர முடியாது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டகன்றால் சிறை. துண்டின் மதிப்புக் கடனுக்கேற்ப ஏறி இறங்கிற்று. கங்காணிமார் அதனைக் கைமாற்றிக் கடன்மேற் கடன் பெற்றனர். அதிலே பெயர் குறிக்கப்பட்ட தொழிலாளிக்கு எழுத்துத் தெரியாது. 1921இல் சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. மலையகத்து முதியோர் சிலர் நெடுங்காலம் எந்த அரசாங்கக் கடதாசியைக் கண்டாலும் அஞ்சி ஒதுங்கியமைக்குத் தக்க காரணம் இருந்தது.

இதற்குள் மோட்டார் வண்டி வந்துவிட்டது. கொழும்பில் மோட்டார்ச் சங்கம் 1904இலேயே தோன்றிற்று. துரைமார் பங்களாக்களுக்குக் கார் வந்தது. தேயிலைத் தொழிற்சாலைக்கு லொறி வந்தது. லொறிக்கு ஓட்டுகிறவன் வேண்டும். 1927ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து மோட்டார்ப் போக்குவரத்துக்குத் தனித் திணைக்களம் ஏற்பட்டது. பின்னர் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றளவும் அடிப்படையாக இருந்து வருகின்றது.

சாரதி அனுமதிப் பத்திரம் கண்டி வழியின் வரலாற்றிலே புதுமையான சீட்டு. முதன்முறையாக, இவன் எந்தக் குலம், எந்தத் தோட்டம், எவ்வளவு கடன் என்று கேளாமல், இவனால் வண்டியை ஒழுங்காக ஓட்ட முடியுமா என்று கேட்ட சீட்டு இதுவே. கண் தெரிகின்றதா? காது கேட்கின்றதா? வழிக்குறிகளின் பொருள் தெரியுமா? கடுகண்ணாவை வளைவில் எதிரே வரும் வண்டிக்கு இடங்கொடுப்பானா? மகியங்கனை வழியிலுள்ள பதினெட்டு வளைவுகளில் இறங்கும்போது தடையை மட்டும் நம்பாது கீழ்ப் பல்லிணைப்பில் வண்டியை அடக்கிச் செல்வானா? ஏற்றத்தில் நிறுத்திய லொறியைப் பின்வாங்க விடாமல் எடுப்பானா? இக்கேள்விகளுக்கு விடை துரையின் கையெழுத்தில் இல்லை. ஓட்டுவோன் கையிலும் காலிலும் இருந்தது. தோட்டத்திலே லொறிச் சாரதிக்கு இருந்த தனி மதிப்பை அறிந்தோர் இதன் பொருளை எளிதில் உணர்வர். லயத்தில் பிறந்தும் மலைக்குக் கீழே உலகத்தை நாள்தோறும் கண்டு திரும்புகிறவன் அவன். கண்டிச் செய்தி தோட்டத்துக்கு முதலில் அவன் வாயிலாகவே வந்தது.

ஆயினும் ஓட்டத் தெரிந்தவனா என்று கேட்கும் மேசைக்கு முன்னால், நீ யார் என்று கேட்கும் மேசையொன்று எப்பொழுதும் இருக்கின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மேசையை மலையகத்தின் நடுவிலே கொண்டுவந்து வைத்தது. தந்தையாவது, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது இத்தீவில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது அது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயங்களில் அதனை எவர் காட்டக்கூடும்? மறு ஆண்டில் இந்திய பாகிஸ்தானிய வாசிகளுக்கென இயற்றிய சட்டத்தின்கீழ், 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடைவிடாது வசித்தமையை நிறுவவேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காகச் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோர் நாடற்றவர் என்னும் பெயர் பெற்றனர். 1972 முதல் தேசிய அடையாள அட்டை நடைமுறைக்கு வந்தபோது அது பிரசைகளுக்கே வழங்கப்பட்டது. அட்டையுமில்லை, கடவுச்சீட்டுமில்லை என்னும் நிலையிலிருந்தவர்க்கு, அடையாளங் கேட்கும் ஒவ்வோர் அலுவலகத்தின் படியும் மலைப்படியாயிற்று.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தின் வாயிலில் குடும்பங்கள் காத்துநின்றன. கையிற் கிடைத்த இந்தியக் கடவுச்சீட்டு, பெரும்பாலோர் அதுவரை கண்டறியாத நாட்டுக்குரியது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். சிலர்க்கு நீலகிரியிலே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. தேயிலை கொய்யும் கைக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை; கொழுந்துக் கூடை இரு நாட்டிலும் ஒன்றே. லொறிச் சாரதியின் நிலை அத்தகையதன்று. கண்டி மலைகளைப் போன்ற வளைவுகளே குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருந்தன. இரு நாட்டிலும் இடப்புறமாகவே வண்டி செலுத்துவர். ஆயினும் குடியேறிய நாட்டிலே தொழில் செய்ய, அந்நாட்டுச் சட்டப்படி அந்நாட்டு உரிமம் வேண்டும். இலங்கையில் 'சாரதி' என்றழைக்கப்பட்டவர் அங்கே 'டிரைவர்' ஆனார். பார்த்தனுக்குத் தேரோட்டிய கண்ணனின் பெயரை அரசாங்கப் பத்திரத்திலே காத்து வருவது இலங்கைத் தமிழின் தனிச் சிறப்பு என்பதை இங்கே இடையிற் குறிப்பிடலாம்.

நாடு விட்டு நாடு செல்லும் சாரதியின் இடர் உலகத்துக்கே பொதுவானது. அதனைத் தீர்க்கப் பல நாடுகள் 1949இல் செனீவாவிற் கூடி வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையொன்றைச் செய்தன. இலங்கை அதிலே 1957இலும் இந்தியா 1962இலும் சேர்ந்தன. ஒரு நாட்டில் திறமையை நிறுவிப் பத்திரம் பெற்றவர் மற்றொரு நாட்டிலே மறுபரிசோதனையின்றி வண்டி ஓட்டலாம் என்பது அதன் சாரம். அதற்கென ஏற்பட்டதே சர்வதேசச் சாரதிப் பத்திரம். ஆயின் அதிலே கூர்ந்து நோக்க வேண்டிய வரம்பொன்று உண்டு. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து தங்குவோர்க்கு அச்சலுகையை அளிக்கவேண்டிய கடமை எந்நாட்டுக்கும் இல்லை. விருந்தினரை நம்பும் உலகம், வீட்டோடு தங்க வந்தவரை மட்டும் மீண்டும் சோதிக்கின்றது. கண்டியிலிருந்து பிரித்தானியா சென்று குடியேறுகிறவர் இலங்கைப் பத்திரத்தோடு 12 மாதம் வண்டி ஓட்டலாம். அதன்பின் அந்நாட்டு எழுத்துப் பரீட்சையிலும் ஓட்டற் பரீட்சையிலும் தேறவேண்டும். வளைகுடா நாடுகளுக்குச் சாரதி வேலைக்குச் செல்கிறவரும் பெரும்பாலும் அங்கே மீண்டும் பரீட்சைக்கு இருந்தே பத்திரம் பெறுகின்றார். வலப்புறமாக ஓடும் வீதிகளில் இடப்புறப் பழக்கத்தை மறக்கக் கற்பது அவர்க்குப் புதிதாகக் கற்பதினும் கடினமானது.

இவ்விதியைக் குறைகூறுவது எளிது. முற்றிலும் தள்ளிவிடல் அரிது. பனியும் வழுக்கலும் காணாத சாரதியை மழைநாளில் ரம்பொடைக் கணவாயில் ஏற்றிவிடுவது அவர்க்கும் நல்லதன்று, எதிரே வருவோர்க்கும் நல்லதன்று. திறமையைச் சோதிக்கும் வரையில் விதி நியாயமானதே. பிறப்பைச் சோதிக்கும் வேலையை அதன் தலையிற் சுமத்தும்போதுதான் அது களிமண் காலத்துக்குத் திரும்பி விடுகின்றது.

மலையக மக்களைப் பொறுத்தவரை அம்முன்மேசையின் தடை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பெரும்பாலும் நீங்கிற்று. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையிலே நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அச்சட்டம் பிரசாவுரிமை வழங்கிற்று. இன்று ஹேவாஹெட்டையிலோ கலகாவிலோ லயத்தில் வாழும் இளைஞர் தேசிய அடையாள அட்டையோடு சென்று, போக்குவரத்து வைத்திய நிறுவகத்திலே உடற்றகுதிச் சான்று பெற்று, எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதி, பழகுநராகப் பயின்று, பரிசோதகர் முன் வண்டியோட்டிப் பத்திரம் பெறுகின்றார். முன்னோர் கழுத்திலே தொங்கிய எண்ணுக்குப் பதிலாக அவர் பையிலே பெயரும் முகமும் பொறித்த அட்டை இருக்கின்றது. பிற நாட்டிலிருந்து வந்து கண்டியிற் குடியிருப்போர் தம் நாட்டுப் பத்திரத்தை இலங்கைப் பத்திரமாக மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. அதற்கெனக் கொழும்புக்கு அப்பாலுள்ள வெரஹெர அலுவலகத்துக்குச் செல்வர். குறுகிய காலம் தங்க வருவோர்க்கு 2025 ஆகஸ்டு முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிகப் பத்திரம் வழங்கும் கருமபீடம் திறக்கப்பட்டது. விமானத்திலிருந்து இறங்கிய அந்நியர் அப்பத்திரத்தைப் பெற்று வாடகைக் காரில் ஏறி, கொழும்பு வழியாகக் கண்டிக்குப் புறப்படுவாராயின், பாண்ஸின் பெருவழியிலே நகரத்தைத் தாண்டியதும் அவர் கடந்து செல்லும் ஊரின் பெயர்ப்பலகையில் இருப்பது 'கடவத்தை'.